உலகக் கிண்ணத்துக்கு ஒரு பந்து, தோட்டத்துக்கு ஒரு பந்தா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மகளிர் உலகக் கிண்ணம் ஒன்று முடிந்தால் போதும், அடுத்த நீண்ட விடுமுறைக்குள் மலையகத்தில் எங்காவது ‘மகளிர் கிரிக்கெட் சுற்றுப்போட்டி’ என்று ஒரு பதாகை ஏறிவிடுகிறது. நல்லதுதான். முன்பெல்லாம் அந்த இடத்தில் பெண்களுக்கு எல்லே, வலைப்பந்து, இல்லாவிட்டால் சங்கீதக் கதிரை. ஆனால் பதாகைக்குக் கீழே நடப்பது என்ன? அணிக்கு ஆறு பேர், ஐந்து ஓவர், மென்பந்து எனப்படும் டெனிஸ் பந்து, பின்னேரம் ஒரு கிண்ணம், நாலு பேச்சு. அங்கே நாற்பது ஓட்டம் விளாசிய பிள்ளையை அடுத்த மாதம் கடினப்பந்துத் தேர்வுக்குக் கூட்டிப்போனால் மூன்றாவது பந்திலேயே கண்ணை மூடிக்கொள்கிறாள். ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பயப்படும்படி அவளை வளர்த்தது நாம் வாங்கிக் கொடுத்த பந்து.

சர்வதேச மகளிர் கிரிக்கெட்டின் அளவுகள் ஆண்களுடையதைவிடச் சிறியவை. பந்து சிறிது, எல்லைக்கோடு கிட்ட, களத்தடுப்பாளர்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் உள்வட்டம் குறுகல். இந்த ஒரு விபரம் நம் ஏற்பாட்டாளர்கள் பலருக்குத் தெரியாததால் இரண்டில் ஒரு தவறு நடக்கிறது. ஒன்று, டெனிஸ் பந்தோடு நின்றுவிடுகிறார்கள். அல்லது ஆண்களின் கடினப்பந்தை அப்படியே பெண்பிள்ளைகளின் கையில் கொடுக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கிறது.

டெனிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம். ஆண்களின் கடினப்பந்து ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். பெண்களுக்கு விதிநூல் சொல்வது 140 முதல் 151 கிராம், சுற்றளவு 21 முதல் 22.5 சென்ரிமீற்றர். பதினான்கு வயதுப் பிள்ளையின் விரலுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. பெரிய பந்தில் அவளுடைய இரண்டு விரலும் தையலைச் சரியாகப் பிடிக்காது. உள்ளங்கையில் வைத்துப் பிடித்து எறிவாள். சுழலும் இல்லை, நேரும் இல்லை. கடையில் பந்து வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் தோலில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 156 என்றிருந்தால் வைத்துவிடுங்கள், 142 என்றிருப்பதைக் கேளுங்கள். கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பார். கடையிலிருக்கும் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம்.

பந்தின் நிறத்திலும் ஒரு கவனம் வேண்டும். வெள்ளைப் பந்து என்றால் வர்ண உடையும் பந்துவீசுபவருக்குப் பின்னால் கறுப்புத் திரையும். சிவப்புப் பந்து என்றால் வெள்ளை உடையும் வெள்ளைத் திரையும். பாடசாலை வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டு வெள்ளைப் பந்தை வீசினால், அதுவும் மூட்டம் இறங்கிய நேரத்தில், துடுப்பெடுப்பவருக்குப் பந்து கையை விட்டுப் புறப்பட்டதே தெரியாது. சிவப்புப் பந்துக்கு, வெள்ளை உரப்பைகளைப் பிரித்துத் தைத்தால் பத்து அடி உயரம், பதினைந்து அடி அகலத்துக்கு ஒரு நல்ல திரை வரும். இரண்டு முனைக்கும் இரண்டு தைக்க ஒரு பகல் போதும்.

மைதானத்துக்கு வருவோம். ஆடுகளம் எல்லோருக்கும் ஒன்றுதான்: விக்கெட்டுக்கு விக்கெட் 22 யார், அதாவது 20.12 மீற்றர். எல்லைக்கோடு பெண்களுக்குக் குறைந்தது 60 யார், கூடியது 70 யார். சுமார் 55 முதல் 64 மீற்றர். அளக்க வேண்டியது ஆடுகளத்தின் நடுவிலிருந்து. விக்கெட்டிலிருந்து அளப்பது பரவலான பிழை. தோட்டத்து மைதானங்கள் பெரும்பாலும் உதைபந்துக்காக வெட்டியவை. நீளவாட்டில் இடம் இருக்கும், அகலவாட்டில் ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் தண்ணீர் ஓடும் கான். அப்படியான இடத்தில் ஆடுகளத்தை மைதானத்தின் குறுக்கே போடாமல் நீளவாட்டில் போட்டு, குறுகிய பக்கத்தில் ‘அடித்தால் இரண்டு ஓட்டம்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பது நேர்மையான வழி. பதினைந்து வயதுக்குக் கீழே என்றால் 40 முதல் 45 மீற்றர் தாராளம். எல்லைக் கயிற்றுக்கும் கானுக்கும் இடையே குறைந்தது மூன்று யார் விடுங்கள். சர்வதேசப் போட்டியில் வேலிக்கு முன்னால் விடும் இடைவெளியும் அதுதான். நம் கான்கள் வேலியைவிட மோசம். வேலி தெரியும், புல் மூடிய கான் தெரியாது.

உள்வட்டம் ஆண்களுக்கு 30 யார், பெண்களுக்கு 25 யார். இரு முனையிலும் நடு விக்கெட்டில் முளையடித்து 22.86 மீற்றர் கயிற்றைக் கட்டி அரைவட்டம் சுற்றி, இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் முடிந்தது. கோடு போட நீறாத சுண்ணாம்பைத் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் வெந்துவிடும். தேயிலைக்குப் போடும் டொலமைட் தோட்டத்து ஸ்டோரில் இருக்கும்; கேட்டால் ஒரு வாளி கொடுப்பார்கள். ஒருநாள் போட்டியில் முதல் பத்து ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர். அதற்குப் பிறகு கடைசிவரை நான்கு பேர். ஆண்களுக்கு 41ஆவது ஓவரிலிருந்து ஐந்து பேர் நிற்கலாம், பெண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் மகளிர் போட்டியில் இடைவெளி பார்த்துத் தட்டி ஓடத் தெரிந்தவருக்கு இவ்வளவு மதிப்பு. ஐந்து ஓவர் மென்பந்துப் போட்டியில் அதைப் பழக வழியே இல்லை. அங்கே எல்லோரும் தூக்கித்தான் அடிப்பார்கள்.

இனி மெட்டிங். நம் பக்கத்தில் புல் ஆடுகளம் பராமரிக்க ஆளும் இல்லை, ரோலரும் இல்லை, வெயிலும் நம்பக்கூடியதல்ல. ஆகவே கொங்கிறீட் தளத்தின் மேல் கயிற்றுப்பாய். அதில் தவறில்லை, தவறு விரிக்கும் விதத்தில். பாயை விரிக்குமுன் தளத்தைத் துடைப்பத்தால் கூட்ட வேண்டும். ஒரு கொட்டைப்பாக்களவு கல் அடியில் கிடந்தால் போதும், நல்ல நீளத்தில் விழுந்த பந்து முகத்துக்கு எழும்பும். பாய் இழுபட்டு விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் விழும் பந்து வேகம் செத்து நிற்கும், அடுத்த பந்து பாயும். நாலு மூலைக்கு மட்டும் ஆணி அடித்துவிட்டு விடாமல் இரண்டு பக்கவாட்டிலும் மூன்றடிக்கு ஒன்றாக அடியுங்கள், ஆணித் தலை பாய்க்குக் கீழே இறங்க வேண்டும். பதுளைப் பக்கத்துக் கச்சான் காற்றில் ஓரம் தளர்ந்த பாய் பாயாக இருக்காது, கொடியாகத்தான் இருக்கும். பாயின் நுனி துடுப்பெடுப்பவரின் கோட்டுக்கு உள்ளேயே முடிந்தால் ஓடும்போது கால் தடுக்கும். பந்துவீசுபவரின் முன்கால் விழும் இடத்தில் நுனி வந்தால் கணுக்கால் மடங்கும். ஆணிச் சப்பாத்து வேண்டாம், ரப்பர் அடி போதும். மழையில் நனைந்த பாயை அப்படியே சுருட்டி அறையில் போட்டால் ஒரு பருவத்தில் மக்கிவிடும். வேலியில் போட்டு இரண்டு பக்கமும் காய்ந்த பிறகு சுருட்டுங்கள்.

மெட்டிங்கில் பந்து உயர எழும்பும் என்பதை மறக்க வேண்டாம். டெனிஸ் பந்தும் எழும்பும். புல் ஆடுகளத்தில் கடினப்பந்து முழங்கால் உயரத்திலேயே வந்துவிடும். ஆகவே நம் பிள்ளைகள் இடுப்பு உயரப் பந்தைக் குறுக்கு மட்டையால் இழுத்தடிக்கப் பழகி, கண்டியிலோ கொழும்பிலோ புல் ஆடுகளத்துக்குப் போனதும் மட்டைக்கடியில் பந்தை விட்டுவிட்டுப் போல்டாகி வருகிறார்கள். தேர்வுக்குப் போக முன் ஒரு வாரமாவது, தளத்துக்குப் பக்கத்து இறுகிய மண்ணில், முழங்காலுக்குக் கீழே வரும் பந்தை நேர்மட்டையால் ஆட வைக்க வேண்டும்.

டெனிஸ் பந்திலிருந்து கடினப்பந்துக்கு ஏற ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். இதை அவசரப்படுத்துகிறவர்களால்தான் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள். முதல் இரண்டு வாரம் கையில் டெனிஸ் பந்துதான், ஆனால் கடினப்பந்துக்குரிய பிடிப்பு. மென்பந்து ஆடியவர்கள் பந்தை முன்னால் போய்ப் பறிப்பார்கள். அப்படிச் செய்தால் கடினப்பந்தில் விரல் நுனி உடையும். பந்து கைக்கு வந்ததும் கையைப் பின்னுக்கு வாங்க வேண்டும். மார்புக்கு மேலே என்றால் விரல் வானத்தை நோக்கி, கீழே என்றால் நிலத்தை நோக்கி. நுனிவிரல் ஒருநாளும் பந்துக்கு நேராக நிற்கக்கூடாது. அடுத்த இரண்டு வாரம் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பைப் பந்தின் ஒரு பாதிக்கு ஒட்டுங்கள். எழும்புவது குறையும், காற்றில் திரும்பும். பிறகு கடினப்பந்தின் அளவும் தையலும் கொண்டு உள்ளே மென்மையாக இருக்கும் பயிற்சிப் பந்து. இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள், செலவு என்று. நான்கு பந்து போதும், ஒரு வருடம் வரும். கடைசியில்தான் 142 கிராம் தோல் பந்து. அதுவும் முதல் நாள் பத்து மீற்றரிலிருந்து கைக்குக் கீழாக, தலைக்கவசத்தோடு. பிறகு கைக்கு மேலாக. பிறகுதான் முழுத் தூரத்திலிருந்து.

‘பயத்தைப் போக்குகிறேன்’ என்று பெரிய வகுப்புப் பையனைக் கூப்பிட்டு வேகமாக வீசச் சொல்லும் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். அது பயத்தைப் போக்காது, பதிக்கும். பயந்தவளுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது: பந்து புறப்படுமுன்னே பின்கால் லெக் பக்கம் விலகும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு சுருட்டிய சாக்கை வைத்துவிட்டு மெதுவான பந்தைக் கொடுங்கள். சாக்கில் கால் படாத நாள் வந்தால் ஒரு படி ஏற்றலாம்.

பந்துவீச்சில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மென்பந்துப் போட்டியில் கை மடங்கி எறிந்தாலும் யாரும் கேட்பதில்லை. கடினப்பந்தில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது. மாவட்ட மட்டத்தில் நடுவர் ‘நோ போல்’ சொல்லும்போதுதான் பிள்ளைக்கும் பயிற்றுநருக்கும் விஷயமே தெரியவருகிறது. தொலைபேசியில் மெதுவோட்டமாகப் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். மடங்கினால் ஓட்டத்தை நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து கையை வட்டமாகச் சுற்றி வீசுவதிலிருந்து தொடங்க வேண்டும். பழகிய கையைத் திருத்த மூன்று மாதமும் ஆகலாம். பதின்மூன்று வயதில் திருத்துவது பதினேழு வயதில் திருத்துவதைவிட எவ்வளவோ மேல்.

உபகரணச் செலவு என்றதும் தோட்டக் கமிட்டிகள் பின்வாங்குகின்றன. பதினொரு பேருக்கும் பதினொரு செட் தேவை என்று நினைப்பதுதான் காரணம். ஒரு நேரத்தில் துடுப்பெடுப்பது ஓர் அணி. களத்தில் இருவர், அடுத்து ஆயத்தமாக ஒருவர். ஆகவே கால்கவசம் மூன்று சோடி, கையுறை மூன்று சோடியோடு இடக்கைக்கு ஒரு சோடி. நம் தேசிய அணியின் தலைவியே இடக்கைக்காரர்தான். இடக்கைப் பிள்ளையை வலக்கைக் கையுறைக்குள் திணிக்கிற வேலை வேண்டாம், பெருவிரல் பாதுகாப்பு பக்கம் மாறிவிடும். தலைக்கவசம் ஐந்து: துடுப்பெடுப்போருக்கு மூன்று, விக்கெட் காப்பாளருக்கு ஒன்று, கையிருப்பில் ஒன்று. உள்ளே ‘பி.எஸ். 7928:2013’ என்ற முத்திரை இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கவசம் இதற்கு உதவாது, முகக்கம்பிக்கும் விளிம்புக்கும் இடையே பந்து புகாத அளவு கணக்குப் பார்த்துச் செய்வது இது. கவசத்துக்குள் தலைமுடிக்கு மேல் ஒரு துணித்தொப்பி ஆளுக்கொன்று. இல்லாவிட்டால் கவசத்தோடு பேனும் ஊர் சுற்றும். இடுப்புக்குக் கீழான பாதுகாப்பும் மார்புக் கவசமும் பெண்களுக்கென்று தனியாக விற்கிறார்கள், வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். இந்த ஒரே மூட்டையை நான்கு தோட்டங்கள் பங்குபோட்டு வாங்கினால் சுற்றுப்போட்டி முழுவதையும் ஆடி முடிக்கலாம்.

மட்டையில் ஒரு வார்த்தை. அண்ணன்மாரின் பழைய பெரிய மட்டை 1.2 கிலோவுக்கு மேல் இருக்கும். மெலிந்த பிள்ளை அதைத் தூக்கும்போது கீழ்க்கைதான் வேலை செய்யும், மட்டை குறுக்கே வரும். காலோடு ஒட்டி நிறுத்தினால் பிடியின் நுனி இடுப்பெலும்பைத் தொடும் மட்டை சரியான அளவு. எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கட்டும். மென்பந்துக்கென்று விற்கும் மட்டையால் கடினப்பந்தை அடித்தால் ஒரே நாளில் விளிம்பு பிளக்கும். புதுமட்டையை மரச்சுத்தியால் நாலைந்து மணித்தியாலம், ஒரே மூச்சில் அல்லாமல், மெதுவாகத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். லயத்து வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் புகைச்சூட்டில் வெடிக்கும். ஈரத் தரையில் நிறுத்தினால் நுனி ஊதும். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவதே உத்தமம்.

காலநேரம் பற்றி உலகக் கிண்ணமே நமக்கு ஒரு பாடம் நடத்தியது. 2025இல் கொழும்பு ஆர். பிரேமதாச அரங்கில் நடக்கவிருந்த 11 போட்டிகளில் 5 முடிவில்லாமல் மழையில் போயின. இலங்கைக்கு மட்டும் அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, பாகிஸ்தான் என மூன்று. ஏழு போட்டியில் ஐந்து புள்ளி பெற்று நாம் ஐந்தாமிடம் வந்தோம்; அதில் மூன்று புள்ளி மழை கொடுத்தது, இரண்டு புள்ளிதான் பங்களாதேஷுடன் கடைசி ஓவரில் நாலு பந்தில் நாலு விக்கெட் சாய்த்து அடித்துப் பெற்றது. ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவத்தில் காலை வெளிச்சமாக இருக்கும், பிற்பகல் இடிமழை வரும். போட்டியோ பிற்பகல் 3 மணிக்கு. தொலைக்காட்சிக்காக அவர்கள் அப்படி வைக்கலாம், நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆனாலும் நாமும் விழாவுக்கு விருந்தினர் வரும் நேரம் பார்த்துப் பகல் இரண்டு மணிக்குத்தான் நாணயத்தைச் சுண்டுகிறோம்.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடினப்பந்துக்கு ஏற்றது ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் மறுதலை: வடகீழ்ப் பருவம் அங்கே ஆண்டு முடிவில் கொட்டும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்திருக்கும். ஆக, ஒரே ஆண்டில் மேற்கில் ஒரு சுற்றும் ஊவாவில் ஒரு சுற்றும் வைக்கலாம். நாளில் காலை எட்டரைக்குத் தொடங்குங்கள். புதியவர்கள் 20 ஓவர் வீச ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுக்கும். மூட்டம் இறங்குமுன் பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும். சனிக்கிழமை ரியூஷன், ஞாயிறு அறநெறி, மற்ற நாளில் தாய்க்குக் கைகொடுக்க வேண்டும். போயா தினம் மட்டுமே எல்லோருக்கும் ஒத்துவரும்.

பனி ஈரமான புல்லில் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனக்கும், தையல் வீங்கும். ஓவருக்கு ஓவர் துடைக்க நடுவரின் இடுப்பில் ஒரு காய்ந்த துணி இருக்கட்டும். எல்லைக்கோட்டில் நிற்பவரின் காலுறையில் அட்டைக்குச் சவர்க்காரம் தடவுங்கள். பிடி எடுக்க வேண்டிய நேரத்தில் குனிந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தால் அணித் தலைவி யாரை ஏசுவாள்? மலசலகூடம் இல்லாத மைதானத்தில் பெண்பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள், பிறகு மயங்குகிறார்கள். பக்கத்துப் பாடசாலையின் திறப்பை முதல்நாளே வாங்கிவையுங்கள். மைதானத்தைத் தெரிவு செய்யும்போது எல்லைக்கோட்டு அளவுக்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். தலையில் பந்து பட்டவர், ‘ஒன்றுமில்லை’ என்றாலும், அன்று திரும்ப ஆடக்கூடாது. தலைச்சுற்று, வாந்தி, தூக்கக் கலக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

விதிகளில் புதியவர்களுக்காக ஒரே ஒரு மாற்றம் செய்யலாம்: வைட் பந்துக்கு இரண்டு ஓட்டம் கொடுத்து, கடைசி ஓவரைத் தவிர மற்ற ஓவர்களில் திரும்ப வீசாமல் விடுவது. இல்லாவிட்டால் ஓர் ஓவர் பதினான்கு பந்துக்கு நீளும், வீசுகிறவளும் அழுவாள். மற்ற எல்லா விதியும் பெரிய போட்டியில் உள்ளபடியே இருக்கட்டும்.

அதிகச் சண்டை வருவது நிகர ஓட்ட விகிதத்தில், அதாவது ஓவருக்கு எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழிக்கும் கணக்கில். மகளிர் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தையே உதாரணமாக எடுப்போம். 2024 ஜூலை 28, தம்புள்ளை. (தம்புள்ளை மாத்தளை மாவட்டம், நுவரெலியா இருக்கும் அதே மத்திய மாகாணம். மாகாணத்துக்குள் வந்த ஆசியக் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம் என்பது வேறு கதை.) இந்தியா 20 ஓவரில் 165, இலங்கை 18.4 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 167. நம் ஓட்டப் பதிவாளர்கள் 167ஐ 18.4ஆல் வகுத்து 9.076 என்பார்கள். தவறு. 18.4 என்பது 18 ஓவரும் 4 பந்தும்; ஓவருக்கு ஆறு பந்து என்பதால் கணக்கில் அது 18.667. ஆகவே விகிதம் 8.946. இந்தியாவுக்கு 8.25. வித்தியாசம் 0.696, பிழையாக வகுத்திருந்தால் 0.826 வந்திருக்கும். நான்கு அணிச் சுற்றில் இறுதியாட்டத்துக்கு யார் போவது என்பது இந்த அளவு வித்தியாசத்தில் மாறிவிடும். இன்னொன்று: எல்லா விக்கெட்டையும் இழந்த அணிக்கு முழு ஓவரால்தான் வகுக்க வேண்டும். 13 ஓவரில் 62க்குச் சுருண்டால் 62ஐ 20ஆல் வகுத்து 3.10, பதின்மூன்றால் வகுத்து 4.77 என்று எழுதினால் சீக்கிரம் ஆட்டமிழந்தவர்களுக்குப் பரிசு கொடுத்தது போலாகும். முடிவில்லாத போட்டிக்கு ஆளுக்கு ஒரு புள்ளி. அது விகிதக் கணக்கில் சேராது. மழை வந்தால் 20 ஓவர் போட்டியில் இரு அணியும் குறைந்தது ஐந்து ஓவராவது ஆடினால்தான் முடிவு. இவற்றையெல்லாம் முதல் பந்துக்கு முன் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி இரு தலைவிகளிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னேரம் கதிரை பறக்காது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தேசிய அணியின் கணக்கே பதில். 1997இல் முதல் உலகக் கிண்ணம் ஆடிய அணி. 1998இல் ஆடிய ஒரே டெஸ்டில் பாகிஸ்தானை 309 ஓட்டங்களால் வென்றது. 2013இல் மும்பையில் டிலானி மனோதரா கடைசிப் பந்தை ஆறு ஓட்டத்துக்கு அனுப்பி இங்கிலாந்தைச் சாய்த்தார். 2017இல் பிரிஸ்டலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அணி எடுத்த 257இல் சமரி அத்தபத்து தனியாக 178. கைதட்டிவிட்டு அந்தக் கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கள்: மற்றப் பத்துப் பேரும் உதிரியும் சேர்ந்து 79. ஒருநாள் போட்டியில் இலங்கைப் பெண்கள் அடித்த சதம் அத்தனையும் 2024 ஓகஸ்ட் வரை சமரி ஒருவருடையதுதான். அந்த மாதம் பெல்ஃபாஸ்டில் விஷ்மி குணரட்னவும், சில நாளில் ஹர்ஷிதா சமரவிக்ரமவும் சேர்ந்த பிறகுதான் பட்டியல் மூவரானது. இந்த அணிக்குத் துடுப்பெடுக்க ஆள் தேவை. முப்படைகளின் கழகங்களும் மாவட்டத் தேர்வாளர்களும் தேடுவது கடினப்பந்தில் நிலைத்து நின்று முப்பது பந்து ஆடத் தெரிந்தவரை. மென்பந்தில் ஆறு அடித்தவரை அல்ல.

தேர்வுக்குப் போகும் பிள்ளையின் பையில் மட்டையோடு பிறப்புச் சான்றிதழின் பிரதியும் இருக்க வேண்டும். தோட்டப் பகுதியில் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில் இன்னொரு மாதிரி. வயதுப் பிரிவுப் போட்டியில் அந்த ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு. திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே பன்னிரண்டு வயதிலேயே பார்த்துவைக்க வேண்டிய வேலை.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. மலையக மகளிர் போட்டி ஒன்று நடந்தால் கிண்ணத்தைப் பிடித்தபடி பிரமுகர்கள் நிற்கும் படம் பத்திரிகைகளில் வருகிறது. யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பது வருவதில்லை. படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, இரு அணியின் ஓட்ட எண்ணிக்கை, ஓவர், முதல் மூன்று துடுப்பாட்ட வீராங்கனைகளின் ஓட்டமும் எதிர்கொண்ட பந்தும், முதல் மூன்று பந்துவீச்சு விபரம், எந்தப் பந்தில் ஆடினார்கள் என்பதைப் பத்து வரியில் போடுங்கள். பிள்ளையின் முழுப்பெயரும் பாடசாலையும் சரியான எழுத்தில் வரட்டும். ‘பேட்ஸ்மன்’ என்ற ஆங்கிலச் சொல்லை 2021இல்தான் விதிநூலில் மாற்றினார்கள். தமிழில் நமக்கு வீராங்கனை என்ற சொல் முன்பே இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும். தேர்வாளர் ஒருவர் முன்னால் அந்தப் பிள்ளை நீட்டக்கூடிய ஒரே பத்திரம் தங்கள் பத்திரிகைத் துண்டாக இருக்கும். ஓட்டப்பதிவுத் தாளின் தெளிவான பிரதியை அன்று மாலையே தங்கள் நிருபரிடம் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மகளிர் கடினப்பந்துப் போட்டிகளில் பயிற்சி, நடுவர், ஓட்டப்பதிவுப் பணி செய்வோர் சிலர்,
ஹட்டன் – தலவாக்கலை.